எதிர்பார்த்தது 189.5, வந்தது 168.5: ஒரு பொறியியல் சேர்க்கையின் நிகழ்வு ஆய்வு

2023 மே 8 அன்று பிளஸ் டூ முடிவு வந்தது. இந்த மாணவிக்குக் கணிதத்தில் 82, இயற்பியலில் 86, வேதியியலில் 87. பொறியியல் கட்-ஆஃப் போடும் விதம் தமிழ்நாட்டில் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள்: கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதிப்பாதி, மொத்தம் 200-க்கு. அவளுக்கு 168.5 வந்தது. திருப்புதல் தேர்வுகளை வைத்து வீட்டில் போட்டிருந்த கணக்கு 189.5.

குடும்பம் குமாரபாளையத்தில் இருக்கிறது. அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறார். அண்ணன் ஐடிஐ முடித்து வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் பட்டதாரி என்று யாரும் கிடையாது. கலந்தாய்வு சமயத்தில் தெரிந்த பிள்ளைகளுக்கு விருப்பப் பட்டியல் போட உதவுகிறவன் என்ற முறையில் என்னிடம் வந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அந்த ஆண்டு தரவரிசைப் பட்டியல் ஜூன் 26 அன்று வெளியானது. முடிவுக்கும் தரவரிசைக்கும் நடுவில் சரியாக ஏழு வாரம். இந்த ஏழு வாரத்தில் மாணவர் கையில் மதிப்பெண் இருக்கும். அதன் மதிப்பு என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் பெரிய செலவுக்கான முடிவை இந்த ஏழு வாரத்துக்குள்தான் எடுக்கிறார்கள். இந்த வீட்டிலும் கிட்டத்தட்ட எடுத்துவிட்டார்கள்.

போன 21 மதிப்பெண் எங்கே போனது

முதலில் இதைப் பார்த்தோம். 21-இல் 13 கணிதத்தில் மட்டும் போயிருந்தது. இயற்பியலிலும் வேதியியலிலும் தலா எட்டு மதிப்பெண் குறைந்திருந்தாலும் கட்-ஆஃபில் அது நாலும் நாலும் எட்டுதான். கணிதத்தில் மட்டும் ஒரு மதிப்பெண் போனால் முழுசாக ஒன்று போகும்.

விடைத்தாள் நகல் வாங்கச் சொன்னேன். அப்போது ஒரு பாடத்துக்கு 275 ரூபாய். நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய். நகல் வந்ததும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். கணிதத்தில் அகமதிப்பீட்டுக்கு 10 போக எழுத்துத் தேர்வு 90-க்கு. அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. அவளுக்குச் சரியாக இருந்தது 13. மூன்று மதிப்பெண் கேள்விகளில் இரண்டு தவறு. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றை எழுதவே இல்லை. ஏழும் ஆறும் ஐந்தும் பதினெட்டு. கணக்கு நேராக வந்துவிட்டது, திருத்தியவர் எங்கும் ஏமாற்றவில்லை. 505 ரூபாய் மிச்சம்.

ஆனால் அந்தத் தாளில் வேறொன்று தெரிந்தது. எழுதிய ஆறு ஐந்து மதிப்பெண் கணக்குகளும் படிப்படியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் முழுமையாக இருந்தன. கேட்டால், "ஒன் மார்க்கைக் கடைசில வச்சுக்கிட்டேன் சார், பெல் அடிக்கப் போகுதுன்னு கண்ணை மூடிட்டு போட்டேன்" என்றாள். அவள் வகுப்புக்குப் பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வே கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2021-இல் கொரோனாவால் தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்ட செட் அது. மூன்று மணி நேரத்தைப் பங்கு போட்டு எழுதும் பழக்கம் ஒருமுறை குறைவாகத்தான் கிடைத்திருந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், அதற்குள் தாய்மாமன் ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார்: "பிள்ளைக்குக் கணக்கு வரல, இஞ்சினியரிங் வேண்டாம், பி.காம். சேத்துவிடுங்க." பி.காம். நல்ல படிப்புதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காரணம் தப்பு. கணக்கு வராத பிள்ளை ஐந்து மதிப்பெண் கணக்கில் இடறும். இவள் நேரத்தில் இடறியிருக்கிறாள். மாமனிடம் விடைத்தாளைக் காட்டியதும், அவர் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். மாற்றிய தீர்ப்பு இன்னும் மோசம்: "அப்படின்னா கம்ப்யூட்டர் சயின்ஸ். அது இல்லாட்டி இஞ்சினியரிங்கே வேண்டாம்."

ஏழு வாரத்தில் வந்த அழைப்புகள்

முடிவு வந்த மறுநாளே போன் வரத் தொடங்கியது. எண் எப்படிப் போகிறது என்று கேட்காதீர்கள், எல்லா வீட்டுக்கும் வருகிறது. 'கன்சல்டன்சி' என்று சொல்லிக்கொண்ட ஒருவர் கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், அது போக 'டெவலப்மென்ட்' என்று ஒரு லட்சம். சீட்டைப் பிடித்துவைக்க இந்த வாரமே 25,000. தனியாக பஸ், தேர்வு, சீருடை.

எதிர்ப்பக்கத்துக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களைக் கலந்தாய்வுக்குத் தந்தாக வேண்டும். அந்த இடங்களுக்குக் கட்டண நிர்ணயக் குழு அப்போது வைத்திருந்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000; பாடப்பிரிவுகளுக்குத் தரச் சான்று தரும் என்பிஏ-வின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் இருந்தால் அதிலும் 25,000 குறையும். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் இந்தச் சலுகை கிடையாது. அதே கட்டடம், அதே வகுப்பு, அதே பேராசிரியர். நான்கு ஆண்டில் ஒரு பக்கம் ஏழு லட்சம், இன்னொரு பக்கம் ஒன்றேகால் லட்சத்துக்குள். அந்த 'டெவலப்மென்ட்' வகையறாவை நன்கொடைக் கட்டணம் என்று தமிழ்நாடு 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அதனால்தான் ரசீது கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

அப்பா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "தெரியுதுங்க சார். ஆனா பணத்தைக் கட்டிப்போட்டா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாமுங்க." தறி வீட்டில் ஏழு லட்சம் என்றால் அது கடன்தான். ஆனாலும் நிச்சயமில்லாமல் ஏழு வாரம் இருப்பதை விடக் கடன் பரவாயில்லை என்று தோன்றிவிடுகிறது. புரோக்கர் விற்பது சீட்டை அல்ல, அந்தத் தூக்கத்தைத்தான். கல்லூரியில் நேரடியாகக் கட்டி, கடைசித் தேதிக்கு முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் விதி இருக்கிறது. இடைத்தரகர் கையில் ரசீது இல்லாமல் கொடுத்த 25,000-க்கு எந்த விதியும் துணைக்கு வராது. ஜூன் கடைசி வரை பொறுக்கச் சொன்னேன். மாமன் என்னைக் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

இடையில் இன்னொரு குழப்பம். விண்ணப்பத்தில் 7.5 சதவீத அரசுப் பள்ளி ஒதுக்கீட்டை டிக் அடித்திருந்தார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ அரசு மகளிர் பள்ளியில் படித்தவள்தானே என்று நினைப்பு. அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. இவள் பத்தாவது வரை மெட்ரிக் பள்ளி. கல்லூரி போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அதே காரணத்தால் இல்லை. மெட்ரிக் பள்ளியில் ஃபீஸ் கட்டமுடியாமல்தான் அரசுப் பள்ளிக்கு மாறினாள் என்பது இங்கே செல்லாது. வருத்தமான விஷயம், ஆனால் விதி அதுதான். சான்றிதழ் சரிபார்ப்புக்கு முன்பே திருத்திவிட்டோம்.

மதிப்பெண்ணை மறந்துவிட்டுத் தரவரிசையைப் பார்த்தது

மாமன் எங்கிருந்தோ பழைய கட்-ஆஃப் பட்டியல்களை எடுத்து வந்திருந்தார். 2021, 2022 இரண்டும். அவற்றின்படி 168.5-க்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. இப்படிப் பார்ப்பதுதான் தப்பு. 2021-இல் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் 50, பிளஸ் ஒன்னில் 20, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30 சதவீதம் என்று கணக்குப் போட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃபை வேறு எந்த ஆண்டோடும் ஒப்பிட முடியாது. 2022-இல் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 1,858 பேர். 2023-இல் 690 பேர்தான். மேலேயே இவ்வளவு மாறியிருந்தால் அதன் கீழே இருப்பதும் அப்படியே இருக்காது. 2023-இன் 168.5-ஐ 2022-இன் 168.5 என்று எடுத்துக்கொண்டால் பிள்ளையை அவளுடையது அல்லாத இடத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

தரவரிசைக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. தாள் கடினமாக இருந்தால் எல்லோருக்கும்தான் கடினம். ஜூன் 26 அன்று அவளுடைய பொதுத் தரவரிசை முப்பதாயிரத்தைத் தாண்டி வந்தது. எம்பிசி பிரிவுத் தரவரிசை அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. போன ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் கடைசி இடம் எந்தத் தரவரிசையில் முடிந்தது என்பதை எடுத்து, அவளுடையதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் தாராளமாக விட்டு ஒரு பட்டியல் தயாரித்தோம். மே மாதத்தில் 'ஒன்றும் கிடைக்காது' என்றிருந்த பிள்ளைக்கு அதில் இரண்டு அரசுக் கல்லூரிகள் தெரிந்தன. அப்பாவுக்கு முதல் முறையாக முகம் தெளிந்தது.

பட்டியல் போட்டது

இங்கேதான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும்.

2017 வரை கலந்தாய்வு என்றால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், திரையில் மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்து, அங்கேயே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. 2018-இல் ஆன்லைனுக்கு மாறியது. ஆனால் மனசு இன்னும் அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. 'நமக்கு இது கிடைக்கும்' என்று நினைப்பதை முதலில் போடுகிறார்கள். கணினி செய்வது வேறு: உங்கள் முறை வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கிடைக்காததை மேலே போட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. கிடைக்கக்கூடியதை மேலே போட்டால் அதற்குக் கீழே இருக்கும் நல்லது கண்ணில் படாமலே போய்விடும். விருப்பங்களுக்கு எண்ணிக்கை வரம்பும் கிடையாது. பத்து விருப்பத்தோடு நிறுத்திவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் கலந்தாய்வில் கொடுத்திருக்கும் கோட் எண்ணையும் கவனித்தே ஆக வேண்டும். ஒரே அறக்கட்டளை பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும். கோவை பிஎஸ்ஜி டெக் போன்ற இடத்தில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனி வரியாக வரும், கட்டணம் வேறு. பெயரைப் பார்த்துப் போடாமல் கோடைப் பார்த்துப் போட்டோம்.

முதல் ஒன்பது விருப்பம் அவள் ஆசைப்பட்டது: கிண்டி பொறியியல் கல்லூரி, சென்னை குரோம்பேட்டை எம்ஐடி, கோவை அரசுக் கல்லூரியான ஜிசிடி என்று. கிடைக்காது என்று தெரிந்தேதான். சண்டை பத்தாவதிலிருந்துதான் வந்தது. சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியில், கோட் 2615, இசிஇ (மின்னணு, தகவல்தொடர்பு), இஇஇ (மின், மின்னணு) எல்லாம் எல்லைக்கோட்டில் இருந்தன. மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல், கிடைக்கக்கூடிய தூரத்தில் இருந்தது. ஈரோட்டுப் பக்கம் ஒரு நல்ல தன்னாட்சிக் கல்லூரியில் இசிஇ கிடைக்கும் போலிருந்தது. மாமனுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் சயின்ஸ் பேர் தெரியாத மூன்று கல்லூரிகளில் நிச்சயம் கிடைக்கும்.

அந்த மூன்றையும் எடுத்துப் பார்த்தோம். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. மூன்றில் இரண்டு கல்லூரிகளில் எழுதியவர்களில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. கல்லூரி முழுமைக்கும் தரப்படும் நாக் தரச் சான்று இருப்பதாகப் பெரிய பேனர் வைத்திருந்தார்கள்; நாம் பார்க்க வேண்டியது அந்தப் பாடப்பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா என்பதை, அது இல்லை. மாமனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: அரியரோடு வெளியே வரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்தை ஐடி கம்பெனி வாசலில் காட்ட முடியாது, ஆனால் அரியர் இல்லாத வேறு பிரிவுப் பட்டத்தைக் காட்டலாம். பெரிய ஐடி நிறுவனங்கள் வளாகத் தேர்வில் எல்லாப் பிரிவினரையும்தான் உட்காரவைக்கின்றன.

தனியார் இசிஇ-யா அரசு மெட்டலர்ஜியா என்பதில் எனக்கே தெளிவான பதில் இல்லை. வேலைச் சந்தையை மட்டும் பார்த்தால் இசிஇ-க்குக் கதவுகள் அதிகம். மெட்டலர்ஜி படிக்கும் இடங்கள் குறைவு, அதனால் போட்டியும் குறைவு. சேலத்தில் பொதுத்துறை நிறுவனமான செயிலின் உருக்காலை இருக்கிறது, பொட்டனேரியில் ஜேஎஸ்டபிள்யூ உருக்காலை, கோவை முழுக்க பவுண்டரிகள், அதாவது வார்ப்பாலைகள். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வில் இதற்கென்று தனித் தாளும் உண்டு. ஆனால் பவுண்டரிகளில் ஷிப்டு வேலைக்குப் பெண்களை எடுக்கத் தயங்குகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அப்பா முகத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். சேலம் போய், அங்கிருந்து கருப்பூருக்கு டவுன் பஸ். விடுமுறைக் காலம், வளாகம் காலியாக இருந்ததாம். லேப் உதவியாளர் ஒருவர் திறந்து காட்டியிருக்கிறார்: உலை, மண் வார்ப்புப் பெட்டிகள், மெருகேற்றிய உலோகத் துண்டை வைத்துப் பார்க்கும் மைக்ரோஸ்கோப். வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றை அதில் வைத்துக் காட்டினாராம். சாம்பல் நிறத்தில் புழு நெளிவது போல் கிராஃபைட் இழைகள். வார்ப்பிரும்பு தட்டினால் உடைவதற்கு அந்த இழைகள்தான் காரணம், எஃகில் அவை இல்லாததால்தான் அது வளைகிறது என்று அவர் சொன்னதை இவள் வந்து எனக்குச் சொன்னாள். அப்பாவும் பார்த்திருக்கிறார். "நம்ம தறில சக்கரம் உடையறதும் இதனாலதானா கண்ணு" என்று கேட்டாராம். முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறவருக்கு உடைந்த வார்ப்புச் சக்கரம் புதிதல்ல.

கடைசியில் வரிசையை அவளே முடிவு செய்தாள்: சேலம் இசிஇ, சேலம் இஇஇ, சேலம் மெட்டலர்ஜி, அதன்பின் தனியார் இசிஇ, அப்புறம் மற்றவை. மெட்டலர்ஜி 12-ஆவது, தனியார் இசிஇ 13-ஆவது. முக்கியக் காரணம் பணம். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும், விடுதியும் உள்ளேயே. மைக்ரோஸ்கோப் இரண்டாவது காரணம்தான். மொத்தம் 43 விருப்பங்கள் போட்டோம். மாமன் சொன்ன மூன்று கல்லூரிகளில் தேர்ச்சி விகிதம் தேவலாம் என்றிருந்த ஒன்றை மட்டும் 40-க்குப் பிறகு கடைசியில் சேர்த்தோம், அவர் மனசுக்காக.

ஒதுக்கீடு

ஆகஸ்டில் இரண்டாம் சுற்று. தற்காலிக ஒதுக்கீட்டில் வந்தது 13-ஆவது விருப்பம், தனியார் இசிஇ. இந்தக் கட்டத்தில் உறுதி செய்ய இரண்டே நாள்தான். ஏற்றுக்கொண்டு சேரலாம்; ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்கு, அதாவது பட்டியலில் அதற்கு முன்னால் போட்டவற்றுக்கு, காத்திருக்கலாம்; மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம்; அடுத்த சுற்றுக்குப் போகலாம்; வெளியேறலாம். அவள் இரண்டாவதை எடுத்தாள். அப்படி எடுப்பவர்கள் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும், கல்லூரியில் அல்ல. அப்பா மறுநாளே கட்டிவிட்டார். கையில் ஓர் இடம் இருக்கிறது, மேலே போனால் லாபம், போகாவிட்டால் இதுவே இருக்கட்டும் என்ற நிலை. அன்றைக்குத்தான் அவர் உண்மையில் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒதுக்கீடு வாங்கியும் வராதவர்களின் இடங்கள் திரும்ப வந்தன. மேல்விருப்பப் பட்டியலில் அவளுக்கு 12-ஆவது கிடைத்தது: சேலம், மெட்டலர்ஜி. மே மாதத்தில் அந்த 25,000-ஐக் கட்டியிருந்தால் இந்தப் பட்டியலையே போட்டிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு

முதல் செமஸ்டர் கணிதம் தேறிவிட்டாள், நல்ல கிரேடிலேயே. விழுந்தது தெர்மோடைனமிக்ஸில், ஓர் அரியர். அடுத்த முறை எழுதி முடித்துவிட்டாள். கம்ப்யூட்டர் ஆசை போகவில்லை. மாநில அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் கல்லூரியிலேயே பைத்தான் வகுப்பு நடந்தது, அதை முடித்து, வார்ப்புக் குறைகளைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் ஒரு சின்ன ப்ராஜெக்ட்டும் செய்தாள். கோடை விடுமுறையில் கோவையில் ஒரு பவுண்டரியில் பயிற்சிக்குப் போனாள். ஷாப் ஃப்ளோரில் விடவில்லை, ஆய்வகத்தில்தான் உட்காரவைத்தார்கள். இதைக் கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள்.

இப்போது கேட் எழுதப் போகிறாள். கோச்சிங் சென்டர் ஒன்றில் 40,000 கேட்கிறார்கள், சேரலாமா என்று கேட்டாள். மெட்டலர்ஜி தாளுக்குப் பழைய வினாத்தாள்களும் நூலகப் புத்தகங்களும் போதும் என்றேன். "சீனியர் அக்கா ஒருத்தங்க போன வருஷம் எழுதுனாங்க சார், அவங்ககிட்டயும் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.